திருகோணமலையில் பாட்டால் எதிர்த்தவர்கள் இல்லையா?

நாட்டாரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “சோமாலியாவில் கவி பாடியே வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டினார்கள். தமிழ்நாட்டில் கட்டபொம்மன் கதைப்பாடல் இருக்கிறது. திருகோணமலையைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று கூட்டம் மாறி மாறி ஆண்டதே, எங்கள் ஊரில் ஒரு எதிர்ப்புப் பாட்டுக்கூட இல்லையா அண்ணா?”

இருக்கிறது தம்பி. நீங்கள் போர்ப்பாட்டைத் தேடுகிறீர்கள், அதனால்தான் கண்ணில் படவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு பாளையக்காரர் இருந்தார், வரி கட்ட மறுத்தார், சண்டை நடந்தது, 1799இல் கயத்தாற்றில் தூக்கில் போட்டார்கள். கதைப்பாடலுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது: தலைவன், துரோகி, வாள், மரணம். திருகோணமலையின் கதை அப்படி அமையவில்லை. இங்கே எல்லாருக்கும் வேண்டியிருந்தது துறைமுகம். 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடிக்க, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டார்கள். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பி, 1795இல் மறுபடி ஆங்கிலேயருக்குப் போனது. பெரும்பாலும் வெள்ளையனும் வெள்ளையனும் அடித்துக்கொண்ட சண்டைகள். ஊர்ச்சனம் கல் சுமந்தது, மூட்டை சுமந்தது, வேடிக்கை பார்த்தது. 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை அடக்கப் புறப்பட்ட படைகளில் ஒன்று இங்கிருந்துதான் வன்னிக்குப் போனது. அவனைப் பாட வன்னிக்கு ஆள் இருந்தது. இங்கே பாட ஒரு வீரன் கிடைக்கவில்லை; கிடைத்தது ஒரு மலையும் அதன்மேல் இல்லாமல் போன ஒரு கோயிலும்.

அதிலிருந்தே தொடங்குவோம். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் விழுந்தது. 1621இல் நல்லூர்க் கோயில் இடிந்தது. அடுத்த ஆண்டு, 1622 சித்திரைப் புத்தாண்டு நாளில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் ஆட்கள் கோணேசர் கோயிலுக்குள் புகுந்தார்கள். சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பிராமண வேடத்தில் உள்ளே வந்தார்கள் என்பது ஊர் மரபு. கொள்ளையடித்து, இடித்து, பாதிக் கல்லைக் கடலில் தள்ளி, மீதிக் கல்லை வைத்து 1624 அளவில் கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்ரிக் கோட்டை என்று சொல்கிறோமே, அதுதான்.

இப்போது கோணேசரைக் கும்பிடப் போகிறவர் எவரும் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் மலையேற வேண்டும். வாசல் நிலையில் ஒரு கல்லைப் பாருங்கள். மீன் சின்னமும், அதோடு சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கும். ‘முன்னே’ என்று தொடங்கி, குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே என்று போகிறது. குளக்கோட்டன், கோணேசர் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் அரசன்; பறங்கி, போர்த்துக்கேயன். கோயிலை இடித்தவன் கட்டிய வாசலில், நீ இடிப்பாய் என்று முன்கூட்டியே சொல்லும் கல். அதைப் பதித்தவனுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று அப்போது தெரிந்திருக்காது. பிறகு தெரிந்தது, போர்த்துக்கேயரே அதைப் படியெடுத்து, மொழிபெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள்.

இதைச் சொல்ல ஞானக்கண் எதுவும் தேவைப்பட்டிருக்காது. 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள் 1560இல் யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தார்கள். வழியெங்கும் கோயில்கள் விழுந்துகொண்டிருந்தன. நமக்கும் நாள் வரும் என்று கோணமலைக்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கல்லில் இருப்பது அவ்வளவுதான். வாயில் வளர்ந்ததுதான் சுவையானது. ஊரில் பெரியவர்கள் சொல்லும் வெண்பா இப்படிப் போகும்:

முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப்
பின்னே பறங்கி பிரிக்கவே – மன்னாகேள்
பூனைக்கண் செங்கண் புகைக்கண்ணன் போனபின்
மானே வடுகாய் விடும்.

பாடபேதங்கள் நிறைய. ‘பிரிப்பானே’ என்பார்கள், ‘ஆண்டபின்’ என்பார்கள், ‘தானே வடுகாய்’ என்பார்கள். வாய்மொழிப் பாட்டுக்கு அது இயல்பு. ஒரே பாடம் மட்டும் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். பூனைக்கண்ணன் போர்த்துக்கேயன், செங்கண்ணன் ஒல்லாந்தன், புகைக்கண்ணன் ஆங்கிலேயன் என்று பொருள் சொல்வது வழக்கம்.

இந்த நாலு வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். தேசாதிபதி, தளபதி, மகாராணி என்ற பட்டம் ஒன்றுகூட இல்லை. தெருவில் போகிற வெள்ளைக்காரனைக் கடைவாசலில் குந்தியிருந்து பார்க்கிறவன் எப்படி அடையாளம் சொல்வானோ, அப்படிக் கண்ணின் நிறத்தால் மட்டும் சொல்கிறது. அடுத்தது, மூவரையும் ஒரே வரியில் வரிசையாக நிறுத்துகிறது. ஆளுகிறவன் தன் ஆட்சி நிரந்தரம் என்று நினைக்கிறான். பாட்டு அவனை மூன்றாம் ஆளாக எண்ணி, ‘போனபின்’ என்று முடித்துவிடுகிறது. வாளெடுக்கச் சொல்லவில்லை, சாபம்கூடப் போடவில்லை. நீயும் போவாய் என்கிறது, அவ்வளவுதான்.

முழு வெண்பாவையும் 1622க்கு முந்தியது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்றாவது ஆளையும் சேர்த்துப் பாட, மூன்றாவது ஆள் வந்திருக்க வேண்டும். அதாவது கல்லில் உள்ள பழைய அடியோடு புதிய அடிகள் ஒட்டியது 1795க்குப் பிறகாக இருக்கலாம். கண்டியில் 1739 முதல் நாயக்க வம்சத்து அரசர்கள் இருந்தார்கள், வடுகர், அதாவது தெலுங்கர். 1815இல்தான் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள். ஆக, புகைக்கண்ணன் திருகோணமலைக்கு வந்துவிட்டான், வடுக அரசன் இன்னும் கண்டியில் இருக்கிறான் என்ற அந்த இருபது ஆண்டுக்குள் இது உருவானதாகக் கொண்டால் கடைசி அடி வெறும் புதிராக இல்லாமல் ஓர் அரசியல் ஆசையாக ஆகிவிடுகிறது. இது என் ஊகம். ஒருவேளை பின்னால் வந்ததே என்றாலும் பாட்டின் மதிப்புக் குறையாது. தீர்க்கதரிசனம் என்ற போர்வையில் நடப்பு ஆட்சியை விமர்சிப்பது பழைய தந்திரம். யார் பாடியது என்று துரை கேட்டால், குளக்கோட்டன் காலத்துப் பாட்டு ஐயா, நாங்கள் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம்.

அடுத்தது தேவாரம். இது எதிர்ப்பா என்று கேட்பீர்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய பதிகம், பறங்கியரைப் பற்றி அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் 1622இலிருந்து மலைமேல் கோயில் கிடையாது. புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். நடுவில் 340 ஆண்டு. இத்தனை காலமும் கோணமாமலை அமர்ந்தாரே என்று பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கே அமர்ந்தார்? மலை உச்சியில் சிப்பாய் நிற்கிறான், பீரங்கி நிற்கிறது. பாட்டு மட்டும் பிடிவாதமாக,

குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலைஅமர்ந் தாரே

என்று பாட்டுக்குப் பாட்டு அதே முகவரியில் கொண்டுவந்து முடிக்கிறது. ஓதுவாருக்குப் பின்னால் ஒரு சனக்கூட்டம் அந்தக் கடைசி அடியைத் திருப்பிச் சொல்லும்போது, இது உன் கோட்டை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்ன மாதிரித்தான். ஆங்கிலேயர் காலத்தில் மலைக்குப் போய் வழிபட அனுமதி கிடைத்தது. சுவாமிமலை என்று ஊரில் சொல்லும் அந்தக் கோணமலைப் பாறையின் விளிம்பில் கோயிலோ விக்கிரகமோ இல்லாமல், பூசகர் கடலைப் பார்த்துத் தீபம் காட்டியதையும், பூவும் பழமும் தேங்காயும் கீழே அலையில் போட்டதையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரே வியந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது விநோதமான காட்சி. கும்பிட்டவர்களுக்கு அது கோயில், கட்டடம் மட்டும் தற்போதைக்கு இல்லை.

கோயிலைக் கொண்டுபோன விதமும் இருக்கிறது. ஊர்வலத்தில் வெளியே இருந்த விக்கிரகங்களில் சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் கிடைத்தது தெரியும்தானே. வழிபாடு தம்பலகாமத்துக்கு நகர்ந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் அங்கே ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது என்பது மரபு. கோயிலோடு போனது கோணேசர் கல்வெட்டு. கவிராஜவரோதயன் பாடியது, பெயர்தான் கல்வெட்டு, உண்மையில் பாட்டும் உரைநடையும் கலந்த ஏட்டு நூல். அதில் தத்துவம் எதையும் தேடாதீர்கள். யார் எந்தத் தொழும்பு, அதாவது கோயில் ஊழியம், செய்ய வேண்டும், எந்த ஊர் என்ன கொடுக்க வேண்டும், யாருக்கு என்ன வரிசை, தவறினால் என்ன வரும் என்று கணக்குப்பிள்ளையின் கொப்பி மாதிரி ஒப்புவிக்கும். வெளியிலிருந்து வந்த அரசு தனக்கென்று ஒரு தோம்பு வைத்திருந்தது, அதில் இன்னாரின் நிலம் இவ்வளவு, வரி இவ்வளவு என்றிருந்தது. ஊர் வேறொரு கணக்கை வைத்திருந்தது, அதில் அதே ஆட்கள் கோணநாயகருக்குக் கடமைப்பட்டவர்கள். கோட்டை இவர்களைக் குடிமக்கள் என்று எழுதியபோது, இவர்கள் தங்களைத் தொழும்பாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து, கிழக்கில் காலனி அதிகாரத்துக்கு மிக நீண்டகாலம் போட்டியாக நின்ற நூல் இதுதான். எதிர்ப்பு இலக்கியம் என்று யாரும் இதைப் பட்டியலில் போடுவதில்லை.

அதே நேரம் இதைத் தங்கத்தால் பூசவும் வேண்டாம். அந்தக் கணக்கில் சாதி ஒழுங்கும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. பறங்கியை எதிர்த்த பாட்டு உள்ளூர் மேலாளைக் காப்பாற்றவும் செய்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கோயில்காரர் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்கும் தலைமறைவுதான். குருமாரை விரட்டி, வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1687இல் யோசேவ் வாஸ் என்ற குரு பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, இரவில் வீடு வீடாகப் பூசை செய்தார். அவருக்குப் பின் வந்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழில் வியாகுல பிரசங்கம் எழுதினார். தவசு காலத்தில் ஒப்பாரி இராகத்தில் நீட்டி வாசிக்கிற அந்தப் பிரசங்கம் இன்றும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே இருக்கிறது. குருவானவர் ஆண்டுக்கொரு தரம் வந்தாலே பெரிய காரியம் என்ற நிலையில், சபையைக் கட்டி வைத்திருந்தது இந்த வாசிப்பும் பாட்டும்தான். பறங்கி கொண்டுவந்த மதம், ஒல்லாந்தனை எதிர்க்க எங்கள் ஒப்பாரியை எடுத்துக்கொண்டது. வரலாறு இப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்.

சரி, மேளத்துக்கு வருவோம். டிரினிடாட்டில் 1884 அளவில் ஆங்கிலேயர் மேளத்தைத் தடை செய்ய, சனம் மூங்கில் குழாய்களை வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் போட்டது என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் அதற்கு ஒரு அண்ணன் உண்டு. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம், தெருவில் பறையோ மேளமோ அடிக்க, குதிரைகள் மிரளும்படியான இசையை எழுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. குதிரை யாரிடம் இருந்தது என்று யோசியுங்கள். திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் அடிக்கிற பறை, துரையின் குதிரைக்கு இடைஞ்சல் என்று சட்டப்புத்தகத்தில் ஏறியது. தடையைவிட அனுமதி மோசமானது என்பேன். தடுத்தால் கோபம் வரும். அனுமதி என்றால் மனு எழுதி, அரசாங்கக் கச்சேரி வாசலில் நின்று, ஊரின் பெரிய மனிதர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். மேளக்காரனின் கைக்குமேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு இன்றும் பொலிஸ் அனுமதி எடுக்கிறோமே, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கேதான் போய்ச் சேரும்.

அம்பாப் பாட்டுப் பற்றி உங்களைப் போலப் பலர் கேட்பதுண்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுக்க, கயிற்றைப் பிடித்த வரிசை ஏலேலோ என்று ஏற்றுப் பாடும். அடியெடுக்கிறவர் நினைத்தால் நடுவில் ஒரு வரியை மாற்றலாம்: வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனம், பங்கு பிரிப்பில் நடந்த களவு, காதல் விவகாரம், எதுவும் வரலாம். வரி முடிந்ததும் ஏலேலோ அதை மூடிவிடும். பாடியவர் யார் என்று பிடிக்க முடியாது, இழுத்தவர்கள் எல்லாரும் பாடியவர்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் சொல்லும் கவியிலும் இந்தக் குத்தல் உண்டு. நேராகச் சொல்ல முடியாததை மச்சானுக்குச் சொல்வதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இவற்றை எல்லாம் காலனி எதிர்ப்பு என்று சீட்டு ஒட்டாதீர்கள். பெரும்பாலான அம்பா வலை இழுப்பதற்காகப் பாடியது. இழுக்கிற ஆளுக்கு மூச்சும் தாளமும் தேவை, அதற்குத்தான் பாட்டு. எதிர்ப்பு என்பது அதன் உள்ளே கிடைத்த ஓர் இடைவெளி. வேண்டிய நாளில் பயன்படும், மற்ற நாளில் காதல் பாடும்.

வெளிப்படையாகத் துரையைப் பாடிய பாட்டு வேண்டுமென்றால் மலையகத்துக்குத்தான் போகவேண்டும்:

கோணக் கோண மலையேறி
கோப்பிப் பழம் பறிக்கையிலே
ஒருபழம் தப்பிச்சின்னு
ஒதச்சானய்யா சின்னதொர

மலையகத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் உண்டு, அவர்களின் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த நாலு அடியில் ஒரு வழக்கே இருக்கிறது: இடம், வேலை, குற்றம், தண்டனை, குற்றவாளி. எந்த நீதிமன்றத்திலும் பதியப்படாத முறைப்பாடு. 1930களில் நடேசய்யரும் மீனாட்சி அம்மையாரும் தொழிற்சங்கம் கட்டப் போனபோது, அம்மையார் கூட்டத்தில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். பேச்சாளரைவிடப் பாட்டுக்காரிக்குக் கூட்டம் கூடியது. அது ஏன் என்று இந்தப் பழைய கோப்பிப் பாட்டைப் படித்தாலே புரியும். பழகிய வாய்கள் ஏற்கனவே அங்கே இருந்தன.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் மேடையேறி, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டைப் பாடினார். வள்ளியின் தினைப்புனத்துக்கு வந்த கொக்கைத்தான் விரட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பொலிஸ் நம்பவில்லை, திரும்பத் திரும்பச் சிறையில் போட்டது. பூனைக்கண்ணனும் வெள்ளைக் கொக்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நீங்கள் சொன்ன சோமாலியாக் கவி, சையத் முகமது அப்துல்லா ஹசன், மூடி மறைக்கவில்லை. 1913இல் செத்துப்போன ஆங்கிலேய அதிகாரி கோர்பீல்டைப் பெயர் சொல்லி அழைத்து, நரகத்தில் போய் இன்ன இன்னது சொல் என்று செய்தி கொடுத்தனுப்பினார். அவரிடம் படை இருந்தது. இருபது ஆண்டு ஆங்கிலேயருக்குப் பிடிகொடுக்காமல் நின்றவர். கையில் துவக்கு உள்ளவனின் பாட்டும், கோட்டை நிழலில் மீன் விற்கிறவனின் பாட்டும் ஒரே தொனியில் இருக்காது. உங்கள் ஆய்வேட்டில் ஒப்பிடுவதாக இருந்தால் ஒப்பிட வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

விபுலாநந்த அடிகளை விட்டுவிட்டால் ஊர்க்காரர் கோபிப்பார்கள். இராமகிருஷ்ண மிஷன் நடத்திய திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றியவர். பாரதி பாட்டைப் புலவர்கள் மதிக்காத காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரதி கழகம் வைத்தவர். 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவர். அது புலமை வழி எதிர்ப்பு, வாய்மொழி அல்ல. தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

களத்துக்குப் போகும்போது இரண்டு காரியம். தம்பலகாமம், சம்பூர், கட்டைபறிச்சான், வெருகல் பக்கம் பெரியவர்களிடம் ‘வெள்ளைக்காரனை எதிர்த்த பாட்டு இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். முன்னே குளக்கோட்டன் என்று நீங்களே முதல் அடியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மீதியை அவர்கள் சொல்வார்கள், அந்த வீட்டுப் பாடத்தோடு, யார் அந்தக் கண்கள் என்ற விளக்கத்தோடு. சிலர் மூன்றோடு நிறுத்தாமல் பிறகு வந்தவர்களையும் சேர்ப்பார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள்.

அம்பாவைக் கரையில் வலை இழுக்கும்போதே பதிவு செய்யுங்கள். கதிரையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் உங்களுக்கு ஏற்ற வரிகளை மட்டும்தான் பாடுவார்கள். பதிவு முடிந்து, ஒலிப்பதிவுக் கருவியை மூடிவிட்டு, தேநீர் குடிக்கும்போது, ‘ஐயா, சம்மாட்டியைப் பற்றி ஒரு வரி வந்ததே, அது எந்தச் சம்மாட்டி?’ என்று கேளுங்கள்.